ஏழாம் நம்பர் புல்லும் அத்தானின் முதுகும்

புல்லுக்காரியும் அவளுடைய அக்கா வீட்டுக்காரரும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் வேலை பார்த்தார்கள். ஆகா, எவ்வளவு வசதி என்று நினைப்பவர்கள் இரண்டு விஞ்ஞானிகளை எதிரெதிரே உட்கார வைத்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பரிமாறிப் பார்த்திருக்க மாட்டார்கள். அக்கா பரிமாறியிருக்கிறாள். அவள் பல் டாக்டர். வலியில் கத்துபவர்களைச் சமாளித்துப் பழகியவள். அவளாலேயே முடியாமல், போன வருடம் ஒரு சட்டம் போட்டுவிட்டாள்.

“இந்த மேசையில புல்லுங்கிற வார்த்தையும் வரக்கூடாது, தக்காளிங்கிற வார்த்தையும் வரக்கூடாது. வந்தா சாப்பாடு கிடையாது.”

அன்றிலிருந்து அத்தான், “அந்தச் சிவப்பு உருண்டையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு” என்றுதான் கேட்பார். அவர் குளிர் தாங்கும் தக்காளி வளர்ப்பவர். அவள் புல் வளர்ப்பவள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வழக்கு ஒரே ஒரு அறைதான். அதே மாடியில் இருந்த கண்ணாடிக் கூடத்தில் மூன்றாவது அறை. சூடும் ஈரமும் வெளிச்சமும் சொன்னபடி கேட்கிற அறை அது ஒன்றுதான். மூன்று வருடமாக அது அவள் கையில் இருந்தது. அத்தானின் தக்காளித் தொட்டிகள் வெளியே திறந்த நடைவழியில், வாடைக் காற்றில் நின்றுகொண்டு பூப்பூவாக உதிர்த்துக்கொண்டிருந்தன. அவர் செடிகள் குளிர் தாங்கத்தான் பிறந்தவை. ஆனால் பிறந்த அன்றே யாரும் தாங்குவதில்லையே.

அவள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். புல்லின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரின் இழைகளை இயற்கை முடிச்சுப் போட்டுப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறது. அந்த முடிச்சுகளால்தான் புல் நிமிர்ந்து நிற்கிறது. அதே முடிச்சுகளால்தான் மாடு தின்ற புல்லில் பாதி சத்தாகாமல் சாணியாகப் போகிறது. ஆனால் மக்குகிற குப்பைமேட்டில் வளரும் ஒரு பூஞ்சை, அந்த முடிச்சுகளை வெட்டுவதற்கென்றே ஒரு நொதியைச் சுரக்கிறது. நொதி என்றால் கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கத்தரியைச் செய்யும் வித்தையைப் பூஞ்சையிடமிருந்து எடுத்துப் புல்லுக்கே கற்றுக் கொடுத்துவிட்டால், புல் தன் சுவரைத் தானே தளர்த்திக்கொள்ளும். மாட்டுக்குப் பாதி வேலை மிச்சம்.

முதல் ஆறு வகைப் புல்லில் அவள் கத்தரியை நேராகச் சுவருக்கே அனுப்பினாள். புல் முளைத்த நாளிலேயே முடிச்சுகள் அவிழ்ந்துபோக, ஆறும் படுத்துக்கொண்டன. எழுந்து நிற்கவே தெரியாத புற்கள். தொட்டி விளிம்பில் ஈரத் தலைமுடி மாதிரி தொங்கின. அவற்றால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும் அவள் அவற்றை அழிக்கவில்லை. அறையின் பாதியில் வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“படுத்த படுக்கையா கிடக்குற புல்லுக்கு ஆஸ்பத்திரி நடத்துறா என் கொழுந்தியா. நிக்கிற என் செடிங்களுக்கு நிழல்கூட கிடையாது” என்பார் அத்தான்.

ஏழாவதில் அவள் கத்தரியைச் செல்லின் உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பையில் பூட்டி வைத்தாள். புல் உயிரோடு இருக்கும்வரை கத்தரி உள்ளே சிறையில். புல் செத்துப் பை உடைந்தால்தான் வெளியே வரும். ஏழாம் நம்பர் ராஜா மாதிரி நிமிர்ந்து வளர்ந்தது. ஆனால் வெட்டிக் காயவைத்து அரைத்துச் சோதித்தால், சாதாரணப் புல்லுக்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை. ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. கத்தரி உள்ளே இருக்கிறது என்று கருவிகள் சொல்லின. ஆனால் கத்தரி வெட்டவில்லை.

“வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்வாங்க. உனக்கு ஆயுதம்கூட புல்லாப் போச்சே” என்று அத்தான் சிரித்தபோது அவளுக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்தான் அழுதாள்.

அறை யாருக்கு என்று முடிவு செய்யத் திங்கட்கிழமை குழு கூடப் போகிறது என்று நிலையத்தின் இயக்குநரம்மா சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு சோதனை. அதிலும் ஒன்றும் இல்லையென்றால் அறை தக்காளிக்கு. மரபணு மாற்றிய செடியை வெளியே எறிய முடியாது. அண்டா அளவு குக்கர் ஒன்று கீழ்த்தளத்தில் இருந்தது. ஆட்டோகிளேவ் என்பார்கள். அதில் போட்டு நீராவியில் அவித்துவிட வேண்டும். ஏழாம் நம்பர் இன்னும் ஒரு விதைகூட வைக்கவில்லை. வெந்தால் வெந்ததுதான், மூன்று வருடமும் அதோடு சேர்த்து.

வெள்ளிக்கிழமை மாலை அவள் ஏழாம் நம்பரிலிருந்து ஒரு துணிப்பை நிறைய வெட்டினாள். சாதாரணப் புல்லில் இன்னொரு பை. உலர்த்தும் அடுப்பின் கதவில் அவளே கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்த சட்டம் இருந்தது: ‘வெட்டிய புல் கையில் ஆறக் கூடாது. நேராக உள்ளே!’ வெட்டிப் போட்ட புல் தன் சர்க்கரையைத் தானே தின்னத் தொடங்கிவிடும், கணக்கு கெட்டுவிடும் என்பதற்காகப் போட்ட சட்டம். புல் வேலை செய்கிற எல்லா இடங்களிலும் அப்படித்தான் செய்வார்கள். அவள் சாதாரணப் புல் பையை முதலில் அடுப்பில் வைத்தாள். அதற்குள் அக்கா போன் செய்துவிட்டாள். “ஞாயித்துக்கிழமை வருவியா மாட்டியா? உங்க அத்தான் வேற அந்த அறையில என்ன வைக்கலாம்னு படம் வரைஞ்சுக்கிட்டு இருக்காரு. நீ சண்டை போட்டுட்டு வராம இருந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்.” அவள் பேசிக்கொண்டே இரண்டாவது பையைப் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்தாள். பேசி முடித்து, இரண்டையும் உள்ளே வைத்த நினைப்பிலேயே அடுப்பை முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அடுப்பைத் திறந்தால் ஒரு பைதான் இருந்தது. சாதாரணப் புல்.

மேசைக்கடியில் தேடினாள், அலமாரியில் தேடினாள், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். கடைசியில் எதிர் அறைக் கதவைத் தள்ளினால், அத்தான் தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நாற்காலிக்கும் நடுவில், அவருடைய பேர்பெற்ற முதுகுவலிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, அவளுடைய துணிப்பை இருந்தது.

“அத்தான்! எந்திரிங்க!”

“என்னம்மா, காலங்காத்தால?”

“அது என் புல்லு! ஏழாம் நம்பர்!”

அத்தான் திடுக்கிட்டு எழுந்து திரும்பிப் பார்த்தார். “இதுவா? அடுப்புப் பக்கத்து நாற்காலியில கெடந்துதே. யாரோ எனக்குன்னு மெத்துன்னு ஒரு திண்டு வெச்சுட்டுப் போயிருக்காங்கன்னு நினைச்சேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இதுமேலதான் சாஞ்சிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, முதுகுக்கு ரொம்ப இதமா இருந்துச்சு.”

“வைக்கப்போர்ல படுத்த நாய் மாதிரி, நீங்களும் பயன்படுத்தாம என்னையும் பயன்படுத்த விடாம…” என்று அவள் ஆரம்பித்தாள். அத்தானைப் போய் நாய் என்கிறோமே என்று நடுவில் உறைத்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. பையைப் பிடுங்கி அவிழ்த்துக் கையை உள்ளே விட்டாள்.

கை உள்ளேயே நின்றுவிட்டது.

புல் கசங்கி, வெதுவெதுப்பாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. ஒரு தண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். துடைப்பக்குச்சி மாதிரி விறைத்து நிற்க வேண்டிய தண்டு, வெந்த வெங்காயத்தாள் மாதிரி நாராகப் பிரிந்துகொண்டது. இன்னொன்று, அதுவும் பிரிந்தது. அவள் ஒரு தண்டை அத்தான் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உருட்டிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போய், அதைவிட நல்ல ஒன்று வந்தது.

“ஏம்மா,” என்றார் மெதுவாக, “இத்தனை நாளும் நீ வெட்டின உடனே அடுப்புல வெச்சியா?”

“ஆமா.”

“உன் கத்தரி தண்ணிப் பைக்குள்ள பூட்டிக் கிடக்கு. அடுப்புல வெச்சா தண்ணி உடனே ஆவியாப் போயிடும். சுவர் வரைக்கும் அது எதுல நீந்திப் போகும்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நொதி சூட்டுக்கு அசராதது. குப்பைமேட்டுச் சூட்டில் பிறந்த பூஞ்சையாகத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான். அந்தப் பெருமையில் அவள் அடுப்பைச் சந்தேகப்படவே இல்லை. காய்ந்தால் என்ன, பிறகு தண்ணீரில் போடும்போது வேலை செய்துகொள்ளும் என்று இருந்துவிட்டாள். ஆனால் பிறகு அது போய்ச் சேரும் இடம் மாட்டு வயிற்றுத் தண்ணீர். அங்கே இருக்கும் கோடானுகோடிக் கிருமிகள், கத்தரி வெட்டத் தொடங்குவதற்குள் கத்தரியையே தின்றுவிடும். அதற்கு முன்னால் ஈரத்தோடு நசுங்க வேண்டும், வெதுவெதுப்பாகக் கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் ஏழாம் நம்பர் கேட்டது. அவளுடைய சட்டமே அவளுக்கு எதிரியாக அடுப்புக் கதவில் மூன்று வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு குழுக் கூட்டத்துக்கு ஓடினார்கள். இயக்குநரம்மா எல்லாவற்றையும் கேட்டார். அவர் சிரிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். தண்டை நசுக்கியும் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு நாள் ஒரு மனுஷன் மேல சாஞ்சா எந்தப் புல்லுதான் நசுங்காது?”

“அதையேதான் நானும் கேக்கணும்னு இருந்தேன்” என்றார் அத்தான். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “இது புல்லோட வேலையா, என் முதுகோட வேலையா? சாதாரணப் புல்லு மேலயும் சாஞ்சு பார்த்தாத்தானே தெரியும்.”

“உரல்ல போட்டு இடிச்சுக் காட்டட்டுமா?” என்று அவள் கேட்டாள்.

“எப்படி நடந்துச்சோ, அப்படியே திரும்ப நடத்திக் காட்டு. உரல் எல்லாம் அப்புறம்” என்றார் இயக்குநரம்மா. “ஒரு தடவை நடந்தா அது செய்தி. ரெண்டாவது தடவை நடந்தாத்தான் அறிவியல். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கு மேல கேக்காதே.”

இப்படித்தான் ஒரு தக்காளி விஞ்ஞானியின் முதுகு அரசாங்கச் சோதனைக் கருவியானது.

சோதனை நியாயமாக நடக்க வேண்டும் என்றால், எந்தப் பையில் எந்தப் புல் என்று அவளுக்கும் தெரியக் கூடாது, அத்தானுக்கும் தெரியக் கூடாது. நீலக்கயிறு கட்டிய பை ஒன்று, மஞ்சள்கயிறு கட்டிய பை ஒன்று. ரகசியத்தை யாரிடம் கொடுப்பது? ஒரு கட்சியிலும் சேராத ஆள் ஒருவர்தான் இருந்தார். அவளுடைய வீட்டுக்காரர், நிலையத்தின் மாட்டு டாக்டர். அவருக்கு மாட்டுக் கட்சி மட்டும்தான். கல்யாண நாளன்று கல்யாண நாளை மறந்துவிட்டு ஒரு கன்றுக்குட்டி பிறப்பதைப் பார்க்கப் போனவர். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கன்றின் பிறந்தநாள்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

“இவர்கிட்டயா? காலையில போட்ட சட்டையை மத்தியானம் கேட்டா சொல்லத் தெரியாது” என்றாள் அவள்.

“அதனாலதான் சகலைகிட்ட ரகசியம் பத்திரமா இருக்கும்” என்றார் அத்தான். “மறந்தவன் வாயிலேருந்து என்ன வெளிய வரும்?”

“நான் ஒண்ணும் அவ்வளவு மறதி இல்ல” என்றார் மாட்டு டாக்டர். சொல்லிவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் மூக்கில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அத்தான் இரண்டு பைகளையும் முதுகுக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதுகுவலியால் அவர் எப்போதும் இடது பக்கமாகச் சாய்பவர். அதனால் நடுவில் ஒரு முறை பைகளை இடம் மாற்றி வைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். எழுந்து நடமாடினால் சூடு குறையும் என்று காபியைக்கூட நாற்காலிக்கே வரவழைத்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் கதவில் எட்டிப் பார்த்து, “என்ன சார், குஞ்சு பொரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் அசரவில்லை.

“இன்னும் அடைகாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டுல ஒண்ணு கூமுட்டை. எதுன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்.”

வெயில் நன்றாக ஏறியபோது அவள் பைகளில் செருகிய தெர்மாமீட்டரைப் பார்க்க வந்தாள். அத்தானின் கண் நடைவழிப் பக்கமே போய்ப் போய் வந்தது.

“என்ன அத்தான்?”

“ஒண்ணுமில்ல.”

“வலிக்குதா?”

“இல்லம்மா, வேலையைப் பாரு.”

அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். வயலில் அதைத் தேனீ செய்துவிடும். இந்த மாடி நடைவழியில், இந்த வாடையில் தேனீ ஏது? அத்தான்தான் தினமும் இந்த நேரத்தில், அக்கா கொடுத்த பேட்டரி பல்துலக்கியை முடுக்கி, ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பிலும் வைத்து ரீங்காரம் போட வைப்பார். இன்றைக்கு விரிந்த பூ நாளை வரை காத்திருக்காது. ஏற்கெனவே உதிர்ந்தது போக மிச்சம் இருப்பதும் இன்று வீணாகப் போகிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் மனிதர் நாற்காலியில் ஆணி அடித்தது போல உட்கார்ந்திருக்கிறார்.

“அத்தான்,” என்றாள், “இது ஜெயிச்சா அந்த அறை உங்களுக்குக் கிடைக்காது.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்கீங்க?”

அத்தான் சாய்ந்த இடத்திலிருந்து நிமிர முடியாமல், கழுத்தை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். “உன் புல்லு தோத்தா தோத்துட்டுப் போகட்டும். ஆனா நான் ஒழுங்கா உட்காராததால தோத்துச்சுன்னு இருக்கக் கூடாது. இருந்தா அந்த அறையில என் செடியை எந்த மூஞ்சியோட வைக்கிறது?”

இவரையா மூன்று வருடமாகத் திட்டினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பல்துலக்கியை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனாள்.

“காம்புல வைக்கணும்! பூவுல இல்ல!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தெரியும் அத்தான்!”

“அழுத்தாதே! சும்மா தொட்டா போதும்!”

“சும்மாத்தான் தொடுறேன்!”

“கீழ் வரிசையை விட்டுடாதே!”

வாடைக் காற்றில் நின்றுகொண்டு, ஒரு கொத்து விடாமல், மஞ்சள் பூக்களின் காம்பில் பல்துலக்கியை வைத்து வைத்து எடுத்தாள். பொடி பொடியாக மகரந்தம் அவள் புறங்கையில் விழுந்தது. புல்லுக்குச் செய்கிற வேலையைக்கூட அவள் இவ்வளவு பயந்து பயந்து செய்ததில்லை. மறுநாள் அத்தான் மறுபடி உட்கார்ந்தார், அவள் மறுபடி பூக்களிடம் போனாள். நிலையத்தில் எல்லோருக்கும் அது பெரிய வேடிக்கையாகப் போயிற்று.

அதற்குப் பிறகு வேலை சட்டுச்சட்டென்று நடந்தது. இரண்டு பைகளையும் உலர்த்தி அரைத்தாள். மாட்டு டாக்டர் பிளாஸ்கில் மாட்டு வயிற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். அவருடைய செல்லப் பசுவின் விலாவில், மருத்துவர்கள் வைத்த வட்டமான மூடி ஒன்று உண்டு. திறந்தால் வயிற்றுக்குள் கையை விடலாம். பசுவுக்கு வலியும் இல்லை, கவலையும் இல்லை. அதனால் அவளுக்கு ஜன்னல்காரி என்று பெயர். ஜன்னலிலிருந்து எடுத்த தண்ணீரைப் புல்தூளோடு சேர்த்துக் கண்ணாடி ஊசிக்குழல்களில் விட்டு, வெந்நீர்த் தொட்டியில் படுக்க வைத்தாள். கிருமிகள் புல்லைத் தின்னும். தின்றால் வாயு வரும். வாயு வந்தால் குழலின் தண்டு வெளியே தள்ளப்படும். எவ்வளவு தள்ளுகிறதோ, அவ்வளவு செரிக்கிறது என்று கணக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் இயக்குநரம்மா, குழு, அத்தான், ஆஸ்பத்திரியை மூடிவிட்டு ஓடிவந்த அக்கா எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மஞ்சள்கயிற்றுக் குழல்களின் தண்டுகள் வழக்கமான இடத்தில் நின்றன. நீலக்கயிற்றுக் குழல்களின் தண்டுகள் அதைத் தாண்டி, நன்றாகத் தாண்டி, ஒன்று விடாமல் நீட்டிக்கொண்டிருந்தன. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளைகள் கை தூக்குவது போல.

“சரி,” என்றார் இயக்குநரம்மா, “நீலம் எது?”

எல்லோரும் மாட்டு டாக்டரைப் பார்த்தார்கள். மாட்டு டாக்டர் கூரையைப் பார்த்தார்.

“என்னங்க!” என்றாள் அவள்.

“இரு, இரு. எனக்கு மறந்துடும்னு எனக்கே தெரியும். அதனால ஏழாம் நம்பருக்கு எந்தக் கயிறு கட்டினேனோ, அதே கயிறுல ஒரு துண்டை வெட்டி ஜன்னல்காரியோட தீனித்தொட்டிக் கம்பியில கட்டி வெச்சிருக்கேன். வாங்க, பார்த்துக்கலாம்.”

மரபணுச் சோதனை செய்தால் மறுநாள் தெரிந்துவிடும். ஆனால் மறுநாள் வரைக்கும் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது? ஆராய்ச்சி நிலையத்தின் மொத்தக் குழுவும் படியிறங்கி, மாட்டுக்கொட்டகைக்கு ஏறக்குறைய ஓடியது. இயக்குநரம்மாதான் முன்னால்.

தீனித்தொட்டிக் கம்பியில் கயிறு இல்லை. ஜன்னல்காரி அசைபோட்டுக்கொண்டு, ரொம்ப நல்லவள் மாதிரி எல்லோரையும் பார்த்தாள்.

“தின்னுட்டா” என்றார் மாட்டு டாக்டர்.

அவள் பிடித்துக்கொள்ள வேறெதுவும் கிடைக்காமல் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதே. இந்த மாட்டுக்குத்தான் ஜன்னல் இருக்கே” என்றார் அத்தான்.

மாட்டு டாக்டர் அதற்குள் தோள்வரை நீண்ட கையுறையை மாட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டிருந்தார். குழு மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். ஒரு கைப்பிடித் தீவனம் வந்தது. இன்னொரு கைப்பிடி வந்தது. ஜன்னல்காரி வாலை ஆட்டினாள். மூன்றாவது முறை வெளியே வந்த கையில், பச்சையாக, கூழாக, ஒரு புழு அளவுக்கு என்னவோ தொங்கியது. அக்கா சற்றும் கூசாமல் தன் கைக்குட்டையை நீட்டினாள். பல் டாக்டருக்கு இதெல்லாம் சாதாரணம். மாட்டு டாக்டர் துடைத்தார்.

பச்சைக்குக் கீழே நீலம்.

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியவில்லை. அவள் கத்தினாள், அக்கா கத்தினாள், பக்கத்துக் கட்டுத்தறியில் ஒரு கன்றும் கத்தியது. அத்தான் கொழுந்தியாளைத் தலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, “ஜெயிச்சுட்டே! ஜெயிச்சுட்டேம்மா!” என்று குதித்தார். தன் முதுகில் வலி இருப்பதே அவருக்கு நினைவில்லை. தோற்றது தாம்தான் என்பதும் நினைவில்லை. சிரிக்காத இயக்குநரம்மா ஒரு கையால் மூக்கையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அறிக்கையில செய்முறைன்னு ஒரு பகுதி வரும். புல்லை எதால நசுக்கினதுன்னு நான் என்னத்த எழுதுறது?” என்று சிரிப்புக்கு நடுவில் கேட்டார்.

“முதுகுவலி உள்ள ஒரு அத்தான்னு எழுதுங்க மேடம்” என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் அவள் தனியாக மூன்றாம் அறைக்குப் போனாள். ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லாம் அப்படியே படுத்துக் கிடந்தன. ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய், தானே ஆட்டோகிளேவில் வைத்து மூடினாள். மனசு கனத்தது. ஆனாலும் மேலே வரும்போது நடை வேகமாகத்தான் இருந்தது. அறையில் பாதி காலி. தரையைக் கழுவிவிட்டாள். பிறகு நடைவழியில் இருந்த தக்காளித் தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். காலையில் அத்தான் வந்து காலியான நடைவழியைப் பார்த்து, “ஐயோ, என் செடி!” என்று போட்ட கூச்சல் மாடி முழுக்கக் கேட்டது. அடுப்புக் கதவில் அன்றைக்கே புதுச்சட்டமும் ஒட்டப்பட்டிருந்தது: ‘முதலில் நசுக்கு. பிறகு பொறு. அப்புறம்தான் உள்ளே.’

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டு மேசையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். அத்தான் ஒரு துணிப்பையிலிருந்து எதையோ எடுத்துத் துடைத்து அவள் தட்டில் வைத்தார். நன்றாகப் பழுத்து, உள்ளங்கைக்கு அடங்காத அளவில் ஒரு தக்காளி. அவருடையதில் மரபணு மாற்றம் எதுவும் கிடையாது. தாராளமாகச் சாப்பிடலாம்.

“என்ன அத்தான், சிவப்பு உருண்டை?”

“நடைவழியில கீழ் வரிசை. நீ பல்துலக்கி வெச்ச ரெண்டு நாளு,” என்றார் அத்தான். “அந்த ரெண்டு நாள் பூவுல ஒண்ணுகூட உதிரலம்மா. எண்ணிப் பார்த்துட்டேன். நான் வெச்சதெல்லாம் பாதி உதிருது.”

அவள் அக்காவைப் பார்த்தாள்.

“என்ன பார்க்குற? தக்காளின்னே சொல்லுங்க ரெண்டு பேரும். சட்டத்தை நான் எடுத்துட்டேன்” என்றாள் அக்கா.

அவள் தக்காளியைக் கையில் எடுத்து, வெட்டாமல் அப்படியே கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. “உங்க தக்காளி நல்லாயிருக்கு அத்தான்” என்றாள், வாய் நிறைய.

“உன் புல்லும்தான்” என்றார் அவர். சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.